கீறல் ஆறிய நாள்

வியாழக்கிழமை காலை மெற்றில்டா இடது கையை மேசைமேல் நீட்டியபோது, நர்ஸ் சண்முகவடிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். போன வியாழக்கிழமை மணிக்கட்டுக்குச் சற்று மேலே வடிவே போட்ட கீறல் மூடியிருந்தது. வெளிறிய கோடு ஒன்றுதான் மிச்சம்.

வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் இதைப் பார்த்து நர்ஸ் சிரித்திருப்பாள். தூத்துக்குடியில் கடலைப் பார்த்திருந்த அந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஆய்வுப் பிரிவில், கீறல் ஆறுவது கெட்ட செய்தி.

வடிவு நர்ஸாகி இருபத்தாறு வருடம். ஆய்வுப் பிரிவுக்கு வந்து இரண்டரை வருடம். அங்கே கொடுத்த மாத்திரைக்குப் பெயர் இல்லை, நீளமான எண்தான் உண்டு. சாப்பிடும் பெண்கள் அதைக் கட்டு மாத்திரை என்றார்கள். முதல் நாள் வரும் ஒவ்வொருத்திக்கும் டாக்டர் ஹபீபா தானே உட்கார்ந்து விளக்குவார். காயல்பட்டினத்துக்காரர், அவசரப்படாத மனுஷி.

"மார்புல இருக்கிற கட்டி ஆளைக் கொல்றதில்லம்மா. அங்கேருந்து கிளம்பி எலும்புக்கும் ஈரலுக்கும் போகுது பாருங்க, அதுதான் கொல்லுது. ஒரே இடத்துல உக்காந்திருக்கிற செல்லுக்குக் கொஞ்சம் தீனி போதும். கிளம்பிப் போகணும்னா வேற தீனி வேணும், நிறைய வேணும். அந்தத் தீனியை எரிச்சு சக்தியாக்குற வழியை மட்டும் இந்த மாத்திரை அடைச்சிடும். செல் சாகாது. ஆனா நகராது."

அப்படியானால் நோய் உள்ளேயேதான் இருக்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். இருக்கும், இருந்த இடத்தில் இருக்கும் என்பார் டாக்டர். கேட்டவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். ஏற்கெனவே அறுவை சிகிச்சையும் ஊசிகளும் முடிந்து, எங்கோ சில செல்கள் ஒளிந்திருக்கின்றன என்று தெரிந்தபின் வந்தவர்கள் அவர்கள். நகராது என்ற ஒரு சொல்லே அவர்களுக்குப் பெரிது.

அதற்கு ஒரு விலை இருந்தது. தோலில் வெட்டுப்பட்டால் பக்கத்துத் தோல் செல்கள் நகர்ந்து வந்துதான் காயத்தை மூட வேண்டும். அவையும் அதே தீனியைத்தான் எரிக்கின்றன. கட்டு மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு ஒரு சின்னக் கீறல் ஆற நாற்பது நாள் ஆகும். ஆகவே கத்தி கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது. அங்கே மாத்திரை சாப்பிட்ட அறுபத்தொரு பெண்களின் வீடுகளில் கணவர்களும் மாமியார்களும் பிள்ளைகளும் வெங்காயம் நறுக்கப் பழகியிருந்தார்கள். முள் எடுக்காத மீனை யாரும் அந்தப் பெண்கள் முன் வைப்பதில்லை.

மாத்திரை வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. விழுங்கிய இரண்டு மணி நேரத்தில் அது ரத்தத்தை விட்டுச் செல்லுக்குள் போய்விடும். அதனால்தான் கீறல். ஐந்து மாதத்துக்கு ஒரு முறை முன்கையில் நூல் போல ஒரு கோடு கீறி, மேலே கண்ணாடிப் பிளாஸ்திரி ஒட்டி, ஏழாம் நாள் பார்ப்பார்கள். போட்டபடியே இருந்தால் எல்லாம் நலம். மூடியிருந்தால் உடம்பின் செல்கள் மாத்திரையை ஏமாற்ற வேறு வழி கண்டுபிடித்துவிட்டன, நோய்ச் செல்களும் அப்படித்தான் என்று பொருள். அவளுக்கு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

அதோடு போவதில்லை. ஒரே மையத்தில் மூன்று பேருக்கு இப்படி ஆனால், அந்த மையத்தில் எல்லாருக்குமே மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பது விதி. தூத்துக்குடியில் ஏற்கெனவே இரண்டு பேருக்கு ஆகியிருந்தது. மெற்றில்டா மூன்றாவது.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று வடிவு கேட்டாள். ஒரு நாள்கூட விட்டதில்லை என்றாள் மெற்றில்டா. அது கேட்க வேண்டிய கேள்வியும் இல்லை. மாத்திரைப் பெட்டி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தானே செய்தி அனுப்பிவிடும். தினமும் காலை ஏழு மணிக்குப் பெட்டி திறந்திருந்தது.

முன்பு ஆறிப்போன இரண்டு பேரும் இதே நாற்காலியில் அழுதார்கள். எத்தனை மாதம் இருப்பேன் என்று கேட்டார்கள். மெற்றில்டா அதைக் கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நாற்பத்தாறு வயதுப் பெண், கணக்காகப் பேசுகிறவள், எதையும் இரண்டு முறை கேட்டுத் தெளிகிறவள். அன்றைக்கு அவள் கையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கடையைத் திறக்க நேரமாகிறது என்றாள்.

வடிவுக்கு அதுதான் இடித்தது.

சந்தேகம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் மறு கையில் இன்னொரு கீறல் போட்டுப் பார்க்கலாம் என்று விதியில் இடம் இருந்தது. வடிவு வலது கையில் கீறலைப் போட்டு அனுப்பினாள். பதிவேட்டில் 'மறுசோதனை' என்று மட்டும் எழுதினாள். பொய்யான ஒரு வரி அவள் எழுதியதில்லை. இதுவும் பொய்யில்லை, தாமதம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்திரப் பதிவு அலுவலகத்தை ஒட்டியிருந்த மெற்றில்டாவின் கடைக்குப் போனாள். கடை பூட்டிக் கிடந்தது. நாத்தனாருக்குச் சாப்பாடு கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போயிருப்பாள் என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள்.

அந்த நாத்தனாரை வடிவுக்குத் தெரியும். பெயர் அமலி. பத்து மாதத்துக்கு முன் மெற்றில்டாவும் அமலியும் ஒரே நாளில் ஆய்வுப் பிரிவுக்கு வந்தார்கள். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் நோய் தெரிந்திருந்தது. ஒரே வகை, ஏறக்குறைய ஒரே நிலை. படிவத்தில் தொழில் என்ற இடத்துக்கு வந்ததும், அமலி மீன் வெட்டுகிறவள் என்று சொன்னாள். கூர்மையான கருவிகளோடு வேலை செய்கிறவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. வடிவுதான் அந்தப் படிவத்தில் குறுக்குக்கோடு போட்டாள். வேறு வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். அமலிக்கு இரண்டு பெண் பிள்ளைகள், லாரியோட்டும் கணவன் மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில். பதினாறு வயதிலிருந்து அருவாமணைதான் தெரியும் என்று சொல்லி எழுந்து போனாள்.

மார்க்கெட்டில் மீன் வெட்டும் வரிசையில் நாலாவதாக உட்கார்ந்திருந்தாள் அமலி. கால் மிதியில் அருவாமணையை அமுக்கிக்கொண்டு ஒரு பெரிய பாறை மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். வடிவைப் பார்த்ததும் சிரித்தாள். சிரித்தபடியே இடது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆட்காட்டி விரலில் துணி சுற்றி, அதன்மேல் ரப்பர் கையுறையின் ஒரு விரலை வெட்டி மாட்டியிருந்தாள். வடிவு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காட்டச் சொன்னாள். ஒன்றுமில்லை, போன வாரம் பட்டது என்றாள் அமலி. அடுத்த இருக்கையில் இறால் உரித்துக்கொண்டிருந்த பெண் தலை நிமிராமலே, மூணு வாரம் ஆச்சு, ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறா என்றாள்.

வடிவு துணியைப் பிரித்தாள். வெட்டு ஆழம்தான். ஆனால் சீழ் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. இரண்டு ஓரமும் காய்ந்த உதடு போலத் திறந்தபடி இருந்தன. உப்புத் தண்ணீரிலும் மீன் ரத்தத்திலும் மூன்று வாரம் கிடந்த காயம் ஒன்று புரையோடும், இல்லாவிட்டால் ஆறும். இது இரண்டுமில்லாமல் நின்றிருந்தது. இப்படி நிற்கும் காயத்தை அவள் அறுபத்தொரு பெண்களின் கைகளில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

அவள் திரும்பத் துணியைச் சுற்றிக் கட்டினாள். அதற்குள் தூக்குவாளியோடு மெற்றில்டா வந்து நின்றாள். வடிவின் கையில் அமலியின் விரல் இருப்பதைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த நிழலில் இரண்டு பேரும் நின்று பேசினார்கள். மெற்றில்டா எதையும் மறைக்கவில்லை. ஐந்து மாதமாக ஒரு நாள் தனக்கு, ஒரு நாள் அமலிக்கு. பெட்டியை ஏழு மணிக்குத் திறப்பதில் தவறியதே இல்லை. அமலி முதலில் வாங்க மறுத்தாளாம். வாங்காவிட்டால் தானும் சாப்பிடப் போவதில்லை என்று மெற்றில்டா மூன்று நாள் மாத்திரையை மேசைமேல் அப்படியே வைத்திருந்தாளாம். நாலாம் நாள் அமலி எடுத்து விழுங்கினாளாம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நோய் சிஸ்டர்," என்றாள் மெற்றில்டா. "ஜெராக்ஸ் கடைங்கிறதால எனக்கு மாத்திர. அருவாமணைங்கிறதால அவளுக்கு இல்ல. ஒரே வீட்டுல அவ பாத்துக்கிட்டு இருக்கும்போது நான் எப்படி முழுங்க?"

வடிவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. உயிரோடு விளையாடுகிறாய் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குப் பதிலாக, மூன்று பேர் விதியைச் சொன்னாள். இந்தக் கை ஆறிவிட்டது என்று எழுதினால் மாத்திரை தோற்றதாகக் கணக்காகும், மீதி அறுபது பேருக்கும் நிற்கும் என்றாள்.

மெற்றில்டாவின் முகம் முதல்முறையாக மாறியது. தன் கையில் போடும் கீறலை வைத்து மற்றவர்களுக்கு முடிவெடுப்பார்கள் என்று தனக்கு யாருமே சொல்லவில்லை என்றாள். அது உண்மை. படிவத்தின் பதினேழாம் பக்கத்தில் ஒரு வரியில் இருந்தது. பதினேழாம் பக்கத்தை வடிவு யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை.

"எனக்கு நிறுத்துனா நிறுத்திட்டுப் போங்க," என்றாள் மெற்றில்டா. "உள்ளத உள்ளபடி எழுதிருங்க."

திங்கட்கிழமை வடிவு உள்ளதை உள்ளபடி டாக்டர் ஹபீபாவிடம் சொன்னாள். டாக்டர் குரலை உயர்த்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, மெற்றில்டாவின் போன மாத ஸ்கேனைக் கணினியில் எடுத்துப் பார்த்தார். எதுவும் புதிதாக இல்லை. அமலியை அழைத்துவரச் சொன்னார். ஆய்வில் பெயரே இல்லாத ஒருத்திக்கு எந்தக் கணக்கில் ஸ்கேன் எடுப்பது என்று வடிவு கேட்டாள். என் கணக்கில் என்றார் டாக்டர்.

அமலிக்கும் எதுவும் நகரவில்லை.

"பாதி மாத்திரையில கீறல் ஆறுது, செல் நகரலை," என்றார் டாக்டர். "ஆழமான வெட்டுதான் லேட்டாகுது. ரெண்டு பேரை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது வடிவு. ஆனா கேள்வி கேக்கலாம்."

விதிப்படி மெற்றில்டா ஆய்விலிருந்து நீக்கப்பட்டாள். மாத்திரை தோற்றதாக இல்லை, விதியை மீறியதாக. அதனால் மற்ற அறுபது பேருக்கும் மாத்திரை தொடர்ந்தது. பெட்டியைத் திரும்ப வாங்கிவர வடிவுதான் போனாள். மெற்றில்டா அதைத் துடைத்து, மீதி மாத்திரைகளை எண்ணிக் காட்டி, துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். வாசல்படியில் அமலி உட்கார்ந்திருந்தாள். வடிவு தாண்டிப் போகும்போது கால்களை மடக்கி வழி விட்டாள்.

டாக்டர் ஹபீபா மற்ற பதினொரு மையங்களுக்கும் கடிதம் எழுதினார். உங்களிடம் ஆறிப்போனவர்களை அதட்டாமல், வீட்டுக்குப் போய், உட்கார்ந்து பேசிக் கேட்டுப் பாருங்கள் என்பதுதான் சாரம். பதில்கள் ஒவ்வொன்றாக வர இரண்டரை மாதம் ஆயிற்று. நாடு முழுவதும் மாத்திரை தோற்றதாக எழுதப்பட்டவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் பத்தொன்பது பேர் பகிர்ந்திருந்தார்கள். அக்காவோடு, அம்மாவோடு, ஒரே வார்டில் பழகிய சிநேகிதியோடு. ஒருத்தி, கணவனின் இரண்டாம் மனைவியோடு. மாத்திரை ஏறக்குறைய எங்குமே தோற்கவில்லை. பகிர்ந்துகொண்டிருந்தவரை அவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் நகரவும் இல்லை.

தூத்துக்குடியில் முதலில் ஆறிய இரண்டு பேரில் ஒருத்தி, ஆறுமுகநேரியில் இருந்தவள், தன் தங்கைக்குக் கொடுத்திருந்தாள். இன்னொருத்தியிடம் கேட்க வழியில்லாமல் போயிருந்தது. மாத்திரை நின்ற ஆறாம் மாதம் அவள் இறந்துவிட்டாள். அந்தப் பதிவேட்டை வடிவு எடுத்துப் பார்த்தாள். 'கீறல் முழுமையாக ஆறியது' என்று தன் கையெழுத்தில் இருந்தது. அதில் பிழை ஒன்றும் இல்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தன் நிறுத்தம் போனதே தெரியாமல் ஸ்பிக் நகர் வரை போய்விட்டாள்.

ஏழாம் மாதம் புதிய ஆய்வு தொடங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை. கத்தியும் அரிவாளும் பிடிக்கிறவர்களும் சேரலாம், எஃகு வலைக் கையுறை கொடுப்பார்கள். கீறல் எவ்வளவு தாமதமாக ஆறுகிறது என்று பார்க்க ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்து கையைக் காட்டி, அந்த வார மாத்திரையை வாங்கிப் போக வேண்டும். படிவம் ஆறு பக்கமாகச் சுருங்கியிருந்தது. வடிவு ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்தாள். சேர்ந்த முதல் பத்துப் பேரில் அமலி ஒருத்தி. யாரோடும் பகிர மாட்டேன் என்ற வரி வந்தபோது அவள் வடிவை நிமிர்ந்து பார்த்தாள். இதைப் பாதியாக்கினால் இரண்டு பேருக்குமே ஒன்றும் இருக்காது, காலியான மாத்திரையைச் சாப்பிடுவது போலத்தான் என்று வடிவு சொன்னாள். மைனி மெற்றில்டாவுக்கு எப்போது கிடைக்கும் என்று அமலி கேட்டாள். விதியை மீறியவளை மறுபடி ஆய்வில் சேர்க்க முடியாது, ஆய்வுக்கு வெளியே கருணை அடிப்படையில் கொடுக்க டாக்டர் எழுதிக் கேட்டிருக்கிறார், வரும் என்றாள் வடிவு. அமலி கையெழுத்துப் போட்டாள்.

அந்த வாரத்தில்தான் மெற்றில்டாவின் ஸ்கேன் வந்தது. மாத்திரை இல்லாத ஏழு மாதத்தில் ஒன்றே ஒன்று கிளம்பிப் போயிருந்தது. வலது நுரையீரலில், மிளகளவு ஒரு புள்ளி.

டாக்டர் விளக்கிச் சொல்லி முடித்ததும் மெற்றில்டா வெளியே வந்து வடிவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். மாத்திரையைப் பங்கு போடாமல் இருந்திருந்தால் இது வந்திருக்காதுதானே என்று கேட்டாள். வடிவு அவளிடம் மழுப்ப விரும்பவில்லை. வந்திருக்காது என்றாள். மெற்றில்டா தலையாட்டினாள். கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மறுபடி மூடினாள்.

"அமலிகிட்ட இத சொல்லிராதிய சிஸ்டர். சொன்னா அடுத்த நாளே அவ மாத்திரைய கொண்டு வந்து என் கையில வச்சுருவா. வேண்டான்னாலும் விட மாட்டா. அவளுக்கும் மேசைமேல வைக்கத் தெரியும்."

வடிவு வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை அமலி கையை நீட்டி உட்கார்ந்தாள். பழைய வெட்டு எப்போதோ ஆறித் தழும்பாகியிருந்தது. மைனியின் ஸ்கேன் எப்படி வந்தது, அவளைக் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள் என்று அமலி கேட்டாள். வடிவு கீறல் கருவியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "நல்லாத்தான் இருக்காங்க."

ஐந்து வாரம் அமலி கேட்டாள். ஐந்து வாரமும் வடிவு அதையே சொன்னாள். ஆறாம் வாரம் மெற்றில்டாவுக்கு மாத்திரை கொடுக்க அனுமதி வந்தது. அதற்கு அடுத்த ஸ்கேனில் புள்ளி அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. வேறு எதுவும் கிளம்பவில்லை. இனி சொல்லலாம் என்று நினைத்து மெற்றில்டா தானே அமலியிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். அமலி ஒன்பது நாள் அவளோடு பேசவில்லையாம். சோற்றை மட்டும் போட்டு வைத்துவிட்டுப் போவாளாம். பத்தாம் நாள் ஒரு விளைமீனைக் கொண்டுவந்து, குழம்பு வைக்கட்டுமா, பொரிக்கட்டுமா என்று கேட்டாளாம்.

வடிவுக்கு அவ்வளவு எளிதில் விடுதலை கிடைக்கவில்லை. அந்த வியாழக்கிழமை அமலி வந்து உட்கார்ந்து, கையை நீட்டாமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

"நீங்களும் பொய் சொல்லுவியளா சிஸ்டர்?"

"சொன்னேன்," என்றாள் வடிவு.

வெளியே அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். பிறகு அமலி இடது கையை மேசைமேல் வைத்து, வலது கையை மாத்திரைக்காக நீட்டினாள்.